பக்கத்து இருக்கைக்கு ஒரு பிரேக்

என் கணவரின் வலது கால் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் போனால், முன்னால் ஓட்டுநர் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதையே மறந்துவிட்டு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இவர் தரையை மிதிப்பார். தொலைக்காட்சியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் கால்மிதி சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். தூக்கத்திலும் மிதிப்பார். பக்கத்தில் படுத்திருப்பது நான் என்பதால் அந்த மிதி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை பார்க்கிறார். ஊருக்கே அவர் மாஸ்டர். நாளாவட்டத்தில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அந்த வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. ஒரு இரும்புக் கம்பி இரண்டு பெடலையும் இணைக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். தடுமாறாவிட்டாலும் மிதிப்பார். இங்கே இருக்கும் டாக்டர், போலீஸ்காரர், பால் வண்டிக்காரர் எல்லோரும் இவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். திட்டு மட்டும் வாங்கி லைசென்ஸ் வாங்காதவள் நான் ஒருத்திதான்.

கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுத்தருகிறேன் என்று பள்ளி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஆசை ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்ததுதான் தாமதம், என் காலுக்குக் கீழே பிரேக் பெடல் தானாக இறங்கியது. வண்டி நின்றது. மறுபடி கிளப்பினேன். மறுபடி இறங்கியது. தெருமுனையில் ஒரு பூனை படுத்திருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம், அவ்வளவு இடம். அந்தப் பூனைக்கும் மிதித்தார். வந்த கோபத்தில் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தேன். அவர் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி, என் பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, “ஓரமா நட, ஓரமா நட” என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து நான் பேருந்துதான். குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பது என் வேலை. குழாயில் காற்றுதான் வருகிறது என்று கத்துகிறவர்களிடம் நாள் முழுக்க இனிக்க இனிக்கப் பேசுவேன். என் பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடும், வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருக்காது. மாஸ்டர் வீட்டம்மாவே பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆசை அப்படியே கிடந்தது. ஒரே ஒரு தடவையாவது ஒரு வண்டியை நானாக ஓட்ட வேண்டும். போவதும் நிற்பதும் என் காலில் இருக்க வேண்டும். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் மாஸ்டர் மறுபடி பள்ளி வண்டியைக் கொண்டுவந்துவிடுவார் என்ற பயம்தான்.

போன வருடம் பள்ளி புது வண்டி வாங்கியது. பழையது பழைய இரும்புக்குப் போவதாக இருந்தது. மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. அந்த வண்டியில் எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் தெரியுமா என்று முதலாளியிடம் ஒற்றைக் காலில் நின்று அதை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தினார். ஷெட்டில் இருந்த என் துணிக்கொடிக்கு அன்றோடு வனவாசம்.

என் தம்பி ஜன்னல் கிரில், வாசல் கேட் எல்லாம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மேல் தகரத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பைப்பில் ஒரு கூடு கட்டி, பெரிய டயராகப் போட்டால் அருமையான பக்கி ஆகிவிடும் என்றான். வேலைவெட்டி இல்லாமல் திரிகிற ஆளைத்தானே பக்கி என்று திட்டுவோம் என்று கேட்டேன். மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டுகிற வண்டிக்கு அதுதான் பெயராம். போனில் படம் காட்டினான். சதையெல்லாம் போய் எலும்பு மட்டும் மிஞ்சிய கார்தான் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் ஏற்கெனவே மனசுக்குள் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு விடுமுறை நாள் எதுவும் என்னுடையதாக இல்லை. காலையில் கிரைண்டர் சத்தம் ஆரம்பித்தால் தெருவே பல்லைக் கடித்துக்கொள்ளும். தம்பி வெல்டிங் வைக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டு விளக்குகள் மங்கும், துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்று பெருமூச்சு விடும். கதவுகள் போயின, கூரை போயிற்று, பின் இருக்கை போயிற்று. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், பெடல்கள் இவ்வளவும்தான் மிஞ்சின. தம்பி தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பைப்பை வளைத்து வளைத்து வைத்துப் பார்த்து ஒட்டினான். வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் நசுங்காதபடி தலைக்கு மேல் கூடு வர வேண்டுமாம்.

கூடு என்னவோ உறுதியாகத்தான் வந்தது. ஆனால் கையில் ஊறிய பழக்கம் லேசில் போகுமா? ஒரு நாள் மாஸ்டர் வேலை முடிந்து வந்து பார்த்தால், கூட்டின் இரண்டு பக்கமும் சுருள் சுருளாகக் கம்பி ஓடுகிறது, நடுவில் பக்கத்துக்கொரு பூ, பூவுக்கு இலை. தம்பி அதைச் செய்ததே தனக்குத் தெரியாது என்றான், கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டதாம்.

“இதுல ஏறிப் போறதா, தொட்டிச் செடி வைக்கிறதா?” என்றார் மாஸ்டர்.

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான்தான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தேன். ஒரு பக்கத்துப் பூ மட்டும் இருக்கட்டும், மற்றதை வெட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. மாஸ்டர் மட்டும் என்ன, சளைத்தவரா? அந்த எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடி வைத்தார், நடுவில் ஒன்று வைத்தார். நான்கு மூலைக்கும் இண்டிகேட்டர் விளக்கு மாட்டினார். மனுஷ நடமாட்டமே இல்லாத மண்ணில் யாருக்கு மாமா சிக்னல் காட்டப் போகிறீர்கள் என்று தம்பி கேட்டதற்கு, சிக்னல் என்பது அடுத்தவனுக்காக இல்லை, நம் ஒழுக்கத்துக்காக என்று ஒரு வகுப்பே எடுத்தார். தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இத்தனை வருடம் எப்படி அக்கா என்று அந்தப் பார்வை கேட்டது.

எனக்கு ஆரம்பத்தில் இந்த வண்டி மேல் எரிச்சல்தான். ஆனால் டீ கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பார்த்துப் பார்த்து மனசு மாறிவிட்டது. இது தெருவில் போகாது. பின்னால் வந்து ஹாரன் அடிக்க ஆளில்லை. நின்றுபோனால் சிரிக்க ஆளில்லை. நான் ஓட்ட வேண்டிய வண்டி இதுதான் என்று தோன்றியது. வண்டி சக்கரம் இல்லாமல் கட்டைகள் மேல் நின்றபோதே, மாஸ்டர் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி என்னை உட்கார வைத்துக் கிளட்ச், கியர், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் பழக்கிவிட்டான். வண்டி நகராமலே நான் ஊர் ஊராகப் போய் வந்தேன்.

பிரேக்கை மட்டும் கடைசியில் மாஸ்டரேதான் பொருத்தினார், யாரையும் கிட்டே விடவில்லை. முடித்த அன்று டீயோடு போனேன். தம்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எதுக்கு மாமா?” என்றான்.

“எது?”

“பக்கத்து சீட்டுக்கு எதுக்கு பிரேக்?”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இரண்டு பெடல், நடுவே கம்பி, கம்பிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார். பள்ளி வண்டியில் எப்படி இருந்ததோ அச்சு அசலாக அப்படியே. பாதி நாளைச் செலவழித்து அளவெடுத்துப் பொருத்தியிருக்கிறார், இது என்ன வண்டி என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. முகத்தில் அசடு வழிந்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மாஸ்டர் சுதாரித்துக்கொண்டு, பிரேக் என்றால் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அதைக் கழற்றுங்கள் என்றேன். ஏன் என்றார். அப்போதுதான் இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

“இத நான் ஓட்டணும். ஒரு தடவையாவது. யாரும் மிதிக்காம.”

அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதிலேயே எனக்குச் சந்தேகம். தாராளமாக ஓட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். அந்தப் பிரேக்கோடா என்று கேட்டேன். கற்றுக்கொள்கிற ஆள் பக்கத்தில் பிரேக் இல்லாமல் தன் வாழ்நாளில் உட்கார்ந்ததே இல்லை என்றார். அப்படியானால் உட்கார வேண்டாம் என்றேன். முதல் தடவையே உன்னைத் தனியாக விடுவேனா என்றார். பேச்சு வளர்ந்து, பூனை வரைக்கும் போனது. அன்றிலிருந்து ஷெட்டுக்கு டீ போகவில்லை. கழற்றுவதைப் பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்பார். மாஸ்டர் அகராதியில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள்.

ஊருக்கு வெளியே, மண் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. மேடும் சரிவும் குழியுமாக, இந்த மாதிரி வண்டிக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். அங்கே காவலுக்கு இருப்பவரும் மாஸ்டரிடம் படித்தவர்தான். கேட்டதும் கதவைத் திறந்துவிட்டு, பழைய ஞாபகத்தில் ஒரு எட்டுத் தள்ளியே நின்றார். தம்பி தன் சின்ன லாரியில் வண்டியை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான்.

முதலில் மாஸ்டர் ஓட்டினார், தம்பி பக்கத்தில். ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டி, மூன்று கண்ணாடியையும் சரிசெய்து, இண்டிகேட்டர் போட்டு, போதாததற்குக் கையையும் நீட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பினார். கிளம்பினார் என்றா சொன்னேன்? நகர்ந்தார். ஒரு மேட்டின் உச்சியில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை மண்தான். ஒரு காக்காய் குறுக்கே தத்திக்கொண்டிருந்தது. அது கடந்து போகும் வரை காத்திருந்து, பிறகு இறங்கினார்.

“இதுக்கா மாமா இவ்ளோ பெரிய டயர் போட்டோம்?” என்றான் தம்பி, இறங்கி வரும்போது. அழாத குறைதான்.

அடுத்து நான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். நான் பெல்ட்டைத் தேடுவதற்குள் மாஸ்டர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். குனிந்து பார்த்தேன். அவர் காலடியில் அந்தப் பெடல் இருந்தது. கால் அதன் மேலேயே இருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இறங்கி அறைந்து சாத்தலாம் என்றால், கதவும் இல்லை. ஒரு தடவை இப்படித்தான் இறங்கி நடந்தேன், அதற்கு இத்தனை வருடம் பேருந்தில் நின்றுகொண்டு போனேன். இந்தத் தடவை இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. சமதரையில் ஊர்ந்தது. வேகம் எடுக்கலாம் என்று பார்த்தால் தயங்கித் தயங்கி அடங்கியது. காலை எடுங்கள் என்றேன். நான் ஒன்றும் செய்யவில்லையே என்றார். பெடல் மேல் காலை வைத்துக்கொண்டு இவராவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதாவது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன். குழாயில் தண்ணீர் வராதவர்களிடம் நான் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வசவெல்லாம் அன்று கைகொடுத்தது. அவர் பேசாமல் வந்தார். அதுவே புதுசுதான், ஆனால் இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

திட்டுகிற மும்முரத்தில் மேட்டில் ஏறிவிட்டேன். உச்சிக்கு வந்ததும் முன்னால் தரையைக் காணவில்லை. வெறும் வானம். அடுத்த கணம் வண்டி மூக்குக் குப்புறச் சாய்ந்து சரிவில் இறங்க ஆரம்பித்தது.

மாஸ்டர் மிதித்தார். லேசாக இல்லை. பெல்ட் விட்ட மட்டும் இருக்கையிலிருந்து எழும்பி, இரண்டு காலையும் சேர்த்து மிதித்தார். அவருடைய பெடல் தரையோடு தரையாக ஒட்டிவிட்டது. என் காலுக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

கம்பி இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடம் வேண்டாம் வேண்டாம் என்று சண்டை பிடித்த அந்தக் கால் இப்போது உண்மையிலேயே கிடையாது. அம்மாடி, யாராவது மிதியுங்களேன் என்று வாய்வரை வந்தது. மிதிக்க ஆள் நான் மட்டும்தான். என் கால் எப்படியோ போய்ப் பிரேக்கைக் கண்டுபிடித்தது. ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சறுக்கும் என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு அலுத்த பாடம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தேன். கற்கள் தெறித்தன, வண்டி ஒரு பக்கம் இழுத்தது, நான் அதை இந்தப் பக்கம் இழுத்தேன். சரிவு முடிந்தது. அடிவாரத்தில் நானே நிறுத்தினேன்.

எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டேன். காலையில், நான் குளிக்கப் போயிருந்தபோதாம். அப்படியானால் சமதரையில் வண்டியை அடக்கி அடக்கி ஓட்டியது யார்? என் கால்தான். பயத்தில் நானே மிதித்து மிதித்து ஓட்டிவிட்டு, பழியை முழுக்க அவர் தலையில் போட்டிருக்கிறேன். மனிதரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“கழட்டினத ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா திரும்ப மாட்டியிருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“அப்ப பெடல மட்டும் எதுக்கு விட்டு வச்சீங்க?”

“உன் பக்கத்துல உக்காரணுமே. அது இல்லாம எனக்குத் தைரியம் வராது” என்றார்.

எனக்கு அந்த மனிதரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக அது ஆகிற காரியமில்லை. கையைப் பிடித்தேன். வியர்த்துச் சொதசொதவென்று இருந்தது. திட்டியதற்கெல்லாம் சேர்த்து அதை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தேன்.

தம்பி மேட்டு உச்சியில் நின்று, உயிரோடு இருக்கிறோமா என்று கேட்டுக் கத்தினான். மாஸ்டர் அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு பெல்ட்டைக் கழற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது என்றார். பொய். பிடித்துக்கொண்ட முதுகோடு அப்படித் துள்ளி இறங்க முடியாது.

“நீ தனியா ஒரு சுத்து போயிட்டு வா.”

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, கற்றுக்கொள்கிற ஆளை வண்டியில் விட்டுவிட்டு அவர் இறங்கியதே கிடையாது. மழையில் இறங்கியதில்லை, காய்ச்சலில் இறங்கியதில்லை. ஒரு முறை மாணவர் ஒருவர் காரைக் குளத்துக்குள் விட்டபோதுகூட, முதலில் மாணவரை இறக்கிவிட்டு, முழங்கால் தண்ணீரில் கடைசியாக இறங்கியவர் அவர். அப்படிப்பட்டவர் இப்போது மண்ணில் நிற்கிறார், நான் வண்டியில் இருக்கிறேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அறிவுரை வரப்போகிறது என்று காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

கிளம்பினேன். பக்கத்து இருக்கை காலியாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. பள்ளத்தின் நடுவில் பெரிய மண்மேடு ஒன்று உண்டு. அதன் பின்பக்கம் திரும்பியதும் அவர்கள் இருவரும் மறைந்துபோனார்கள். அந்த இடமாகப் பார்த்து நான் கியரை மாற்றுவதில் சொதப்ப, எஞ்சின் விக்கி நின்றது.

சத்தமே இல்லை. கிளட்சை மிதித்தாயா என்று கேட்க யாரும் இல்லை. பார்த்து, பார்த்து என்று சொல்லவும் யாரும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள். பிறகு நானே கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. முதல் கியர், இரண்டாவது கியர். மேட்டைச் சுற்றி வெளியே வந்தபோது மூன்றாவதில் இருந்தேன்.

எஞ்சின் சத்தம் நின்றதைக் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. தம்பி பாதி தூரம் ஓடி வந்திருந்தான். மாஸ்டர் அவனுக்கும் முன்னால் நின்றார், செருப்பு ஒன்றைக் காணோம். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்து, நிறுத்து என்று ஆட்டினார். நிறுத்த எனக்குத் தெரியும். மனசுதான் வரவில்லை. அவர்களுக்கு அகலமாக இடம்விட்டு வளைத்து, தாண்டிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனேன்.